ஆறாந்தரத்து அதிகாரி வெயிலுகந்தான்

சீனத்து அரண்மனையைப் பாத்தீரான்னா கேக்கீரு? நல்லாக் கேட்டீரு, மரைக்காயரே. அந்த அரண்மனைப் படிக்கட்டு நடுவுல ஒரு கல்லு கெடக்கு. ஒரே கல்லு. பத்து ஆளைத் தலையும் காலுமா வரிசையாப் படுக்கவச்சா எம்புட்டு நீளமோ அம்புட்டு நீளம். அது அங்க போய்ச் சேந்ததுக்குக் காரணம் நான்தான். சரி, நானும் ஒரு காரணம். சரி விடும், அது நடந்தப்ப நான் பக்கத்துல நின்னேன்.

கப்பல் இன்னும் நாலு நாளைக்கு இந்த மலாக்காவுலதான் கெடக்கும்னு மாலுமி சொல்லுதான். உமக்கும் சோலி இல்ல, எனக்கும் இல்ல. நீரு மொதத் தடவையா சீனத்துக்குப் போறீரு. அதனால சொல்லுதேன், கேட்டுக்கிடும். அங்க மனுசங்கள்ல யாரை வேணும்னாலும் நம்பும். ஆனையை மட்டும் நம்பாதேயும்.

சிரிக்காதேயும் வே. நான் ஆனைக்காரன். என் பேரு சடையன். தாமிரவருணிக் கரையில பரம்பரையா ஆனை கட்டுத குடும்பம். எனக்கு ஆனையைப் பத்தித் தெரியாதா?

எங்க பக்கத்துச் சின்ன ராசா, சீனத்துக் கப்பல்காரங்ககிட்ட அந்த ஊருப் பெரிய ராசாவுக்குப் பரிசா ஒரு ஆனையைக் குடுத்தாரு. எதைக் குடுத்தாருங்கீரு? வெயிலுகந்தானை. என் இடுப்பு உயரக் குட்டியா இருந்தப்பவே என் கைக்கு வந்தவன். பேரு வெயிலுகந்தான், அனுப்புனது பனி கொட்டுத ஊருக்கு. ஆனையைக் குடுத்தா ஆனைக்காரனும் கூடத்தான போகணும்? என்னை யாரு கேட்டா? அவன் கப்பல்ல ஏறுனான். பின்னாலயே நானும் ஏறுனேன்.

போய்ப் பாத்தா, தலைநகரம்னு சொன்ன எடத்துல ஊரே இல்ல. கட்டிக்கிட்டு இருக்காங்க. நாம கூரை மேயுத மாதிரி இல்ல வே. அந்த ராசாவுக்கு ஒரு நாளு தோணியிருக்கு, தலைநகரத்தைத் தெக்கேயிருந்து தூக்கி வடக்கே வைக்கணும்னு. யாரு வேண்டாம்னு சொல்லுவா? லட்சம் லட்சமா ஆளுக. காட்டுல வெட்டுன மரம் ஆத்துல மெதந்து வந்து சேரவே நாலு வருசம். செங்கல்லு ஒவ்வொண்ணுலயும் சுட்டவன் பேரு. கல்லு ஒடைஞ்சா யாரை அடிக்கணும்னு தெரியணுமில்ல? அறையோ எண்ணி முடியாது. அம்புட்டையும் கட்டிட்டு ஒண்ணுலதான படுப்பாரு. எதுலன்னு நாம கேக்கக்கூடாது.

அங்கதான் என் கெட்ட நேரம் ஆரம்பிச்சுது.

மொத நாளு வெயிலுகந்தானை வாசல்ல நிறுத்தியிருக்கு. ராசா பல்லக்கு வருது. அவன் கழுத்து மேல உக்காந்திருந்த எனக்குக் குளிர்ல கால்விரலு மரத்துப்போச்சு. சூட்டுக்காக அவன் காதுக்குப் பின்னால கால் கட்டைவிரலை நொழைச்சேன். நம்ம ஊர்ல அங்க அமுக்குனா மண்டி போடுன்னு அர்த்தம். சட்டுன்னு மண்டி போட்டுட்டான். பல்லக்கு நேரா எதிர்ல!

உடனே ஒரு கெழ மந்திரி கண்ணு கலங்கி, "தென்கடலுக்கு அப்பாலிருந்து வந்த மிருகத்துக்கும் நம் பேரரசரின் பெருமை தெரிகிறது" அப்படின்னாருன்னு கப்பல்காரன் சொன்னான். நான் வாயைத் தெறக்கல. தெறந்தா என்ன சொல்ல? என் விரலு குளிருதுன்னா?

மறுநாளு அவனுக்குப் பதவி குடுத்துட்டாங்க. பொய் சொல்லல, வே. அங்க வாசல்ல நிக்க ஆனைக்கெல்லாம் பதவி உண்டு. அதிகாரிகள்ல ஒம்பது தரம். ஒண்ணாந்தரம் ஒசத்தி, ஒம்பதாந்தரம் கடைசி. வெயிலுகந்தானுக்கு எடுத்த எடுப்புலயே ஆறாந்தரம். தெனம் அரிசி, கரும்பு, குளிருக்கு அரிசிச் சாராயம், முதுகுல போட்டுக்கிடப் பஞ்சு வச்ச பட்டு அங்கி. ஆனைக்கொட்டிலுக்கு ஒரு எழுத்தரு உண்டு, கூ-ன்னு பேரு. ஒல்லியா, மீசையில மூணே மூணு மயிரு. அவரு ஏட்டைத் தெறந்து எழுதுனதைப் பின்னால நான் பாசை படிச்சப்பறம் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன். "அதிகாரியுடன் வந்த சாமான்கள்: சங்கிலி இரண்டு, கயிறு நான்கு, அங்குசம் ஒன்று, ஆள் ஒன்று."

அந்த ஆளு நான்தான்.

அதோட விட்டாங்களா? பதவி இல்லாதவன் பதவி உள்ளவரைக் காலையில பாத்தா குனிஞ்சு கும்பிடணும். அது அந்த ஊருச் சட்டம். தெனம் காலையில கொட்டிலுக்குள்ள போனதும், நான் அள்ளிப்போட வந்த சாணிக்கு முன்னால நின்னு அவனைக் கும்பிடணும். அவன் என்ன பண்ணுவான் தெரியுமா? கண்ணைப் பாதி மூடிக்கிட்டு, காதை மெல்ல ஆட்டுவான். அவனுக்குப் புரியாதுன்னா நெனைக்கீரு? எல்லாம் புரியும். குட்டியில வயித்தால போனப்ப மூணு நாளு மடியில தலையைத் தூக்கி வச்சிருந்தவன் நான். என்கிட்ட அதிகாரம்!

இப்படி மூணு வருசம் போச்சு. நாலாவது வருசம் குளிர்காலத்துலதான் இந்தக் கல்லு வந்துது.

கல்லு வெட்டுன எடம் அரண்மனையில இருந்து மூணு நாளு நடை. வண்டியில ஏத்த முடியாது, ஏத்துனா வண்டி இருக்காது. அவங்க ஒரு வேலை செஞ்சாங்க பாரும், அதை மட்டும் நான் மெச்சுவேன். வழி நெடுகக் கெணறு தோண்டுனாங்க. பாதையில தண்ணியை ஊத்துனாங்க. குளிர்ல அது கண்ணாடி மாதிரி ஒறைஞ்சு போச்சு. அது மேல கல்லை வச்சு, ஆயிரக்கணக்குல ஆளுக கயிறு புடிச்சு இழுக்காங்க. எண்ணெயில வழுக்குத மாதிரி வருது.

அதுக்குக் கண்காணி ஷென். அம்பது வயசிருக்கும், தடிச்ச ஒடம்பு, நல்ல மனுசன். எப்பவும் பயம். வருசப் பொறப்புக்குள்ள கல்லு வந்து சேரலைன்னா அவரு முதுகுத் தோலு போயிரும். பாதி வழி வந்தப்பறம் ஒரு ஏத்தத்துல கல்லு நின்னுருச்சு. ரெண்டு நாளு இழுத்தும் அசையல. ஷென் ஓட்டமா ஆனைக்கொட்டிலுக்கு வந்தாரு.

"தெக்கத்தியானே, ஒன் ஆனையைக் கொஞ்சம் கூட்டிட்டு வா"ன்னாரு.

நான் எந்திரிச்சுட்டேன். கூ எழுத்தரு கையை நீட்டித் தடுத்தாரு. "கண்காணி ஐயா, தாங்கள் எந்தத் தரம்?"

"எட்டு."

"அவர் ஆறு. எட்டாந்தரம் ஆறாந்தரத்துக்கு உத்தரவு போட முடியாது. விண்ணப்பம் எழுதிக்கொண்டு வாருங்கள்."

ஷென் அழாத கொறை. எழுதிட்டு வந்தாரு. சிவப்புத் தாள்ல, நல்ல கையெழுத்து. கொட்டில் வாசல்ல பனியில மண்டி போட்டு, வெயிலுகந்தானுக்கு முன்னால வாசிச்சாரு. "மேன்மை தங்கிய ஆறாந்தரத்து அதிகாரி அவர்களின் வலிமையை நாடி, எளியவன் ஷென்..." பாதி வாசிக்கும்போதே வெயிலுகந்தான் தும்பிக்கையை நீட்டித் தாளை வாங்கித் தின்னுட்டான்.

எல்லாரும் கூ மொகத்தையே பாத்தோம். அவரு ஏட்டுல எழுதுனாரு: "விண்ணப்பம் பெற்றுக்கொள்ளப்பட்டது."

"பதில்?"ன்னாரு ஷென்.

"பதில் வரும்வரை காத்திருக்க வேண்டும்."

அப்பத்தான் எனக்கு ஒரு யோசனை. நான் சொன்னேன், "ஐயா, அவரு பாசை எனக்குத் தெரியும். நான் பேசிப் பாக்கேன். ஆனா அவருக்கு மனசு எளகக் கொஞ்சம் நேரமாகும்."

நீரு தப்பா நெனைக்காதேயும். மூணு வருசமா சாமானாக் கெடந்தவன். ரெண்டு நாளு மனுசனா இருந்து பாக்கலாமேன்னு ஆசை. ஷென் ஆளனுப்பி எனக்குக் கறி வச்ச மாவு உருண்டை ஆவி பறக்கக் கொண்டுவந்தாரு. வாத்துக் குழம்பு, சூடான சாராயம். "அவர் என்ன சொல்கிறார்?"னு கேப்பாரு. நான் வெயிலுகந்தான் காதுகிட்டப் போயி, நம்ம பாசையில ஊர்க்கதை நாலு பேசிட்டு வந்து, "யோசிக்காரு"ம்பேன். மறுநாளும் "யோசிக்காரு"தான். அன்னைக்கு ஷென் தன் மேல கெடந்த கம்பளிச் சட்டையைக் கழத்தி எனக்குப் போட்டுவிட்டாரு. அது ஒண்ணுதான் எனக்குக் கொஞ்சம் உறுத்தலா இருந்துது. மூணாம் நாளு "சரின்னுட்டாரு"ன்னேன்.

கெளம்புனோம். முதுகுல பட்டு அங்கி, நாலு காலுக்கும் கம்பளிச் செருப்பு. வழியெல்லாம் சனங்க அவனைக் கும்பிடுதாங்க. மேல உக்காந்திருந்த என்னை ஒருத்தனும் பாக்கல.

கல்லுகிட்டப் போனோம். ஆயிரம் ஆளுக கயித்தைப் புடிச்சுக்கிட்டுக் காத்துக் கெடக்காங்க. கயித்தை மாட்டியாச்சு. எல்லாருக்கும் முன்னால வெயிலுகந்தான். நான் "நட"ன்னேன்.

நடக்கல.

தும்பிக்கையை நீட்டி பனிக்கட்டியை மோந்தான். ஒரு காலைத் தூக்கி மெல்ல வச்சான். எடுத்துட்டான். மறுபடியும் வச்சான். எடுத்துட்டான். அப்பறம் பின்னால ஒரு எட்டு வச்சான், கூடவே நூறு பேரு சறுக்கி விழுந்தாங்க.

நான் கெஞ்சுனேன், கொஞ்சுனேன், அவன் ஆத்தாளை இழுத்து வஞ்சேன். அசையல. ஷென் பனிக்கட்டி மேலயே உக்காந்து ரெண்டு கையாலயும் மொகத்தை மூடிக்கிட்டாரு. ஆளுக சிரிக்க ஆரம்பிச்சுட்டாங்க. எதைப் பாத்து? ஆனையைப் பாத்தா? என்னைப் பாத்து! மூணு நாளா அவருகிட்டப் பேசுனேன்னு வாத்துத் தின்னவன் நான்தான?

கோவம் கண்ணை மறைச்சுட்டுது, மரைக்காயரே. கீழ குதிச்சு, முன்னால வந்து, அங்குசத்தைத் திருப்பிப் புடிச்சு அவன் தும்பிக்கையில ஓங்கி ஒண்ணு வச்சேன்.

இழுக்க நின்னவங்க அம்புட்டுப் பேரும் கயித்தைக் கீழ போட்டுட்டாங்க.

கூ எழுத்தரு ஏட்டோட பின்னாலயே வந்திருந்தாரு. "பதவியில்லாதவன்... ஆறாந்தரத்து அதிகாரியை... பணியின்போது"ன்னு திக்கித் திக்கிச் சொன்னாரு. நாலு காவக்காரங்க என்மேல பாஞ்சாங்க. அதுக்கு எம்பது பெரம்படி. எம்பது வாங்குனவன் எந்திரிச்சதில்ல.

என்னைக் கைக்கட்டோட ஓரமா நிறுத்தியிருக்கு. அப்பக் கேட்டுது ஒரு சத்தம். பெரிய பானை விரிசல் விடுத மாதிரி. வெயிலுகந்தான் கால் வைக்க மாட்டேன்னானே, அதுக்குப் பத்தடி முன்னால பனிக்கட்டி பொளந்து உள்ள போச்சு. அடியில ஓடை. வழி போட்டவன் ஓடை மேலேயே தண்ணியை ஊத்தி ஒறைய வச்சிருக்கான். ஓடுத தண்ணி அடியில பனிக்கட்டியை அரிச்சுக்கிட்டே இருந்திருக்கு. நாங்க இழுத்திருந்தா முன்னால போன நானும் அவனும் மொதல்ல, அப்பறம் எறநூறு முந்நூறு பேரு, அப்பறம் அந்தக் கல்லு எல்லார் தலை மேலயும்.

ஷென் ஓடிவந்து வெயிலுகந்தான் காலைக் கட்டிக்கிட்டு அழுதாரு. ஆயிரம் பேரும் அப்படியே பனிக்கட்டியில மண்டி போட்டாங்க.

இப்ப நீரு என்ன நெனைக்கீருன்னு தெரியுது. எல்லாரும் அதைத்தான் சொல்லுதாங்க. ஆனை காப்பாத்துச்சாம். நான் சொல்லட்டா? அவனுக்குக் குளிரு ஆகாது, அம்புட்டுதான். காலு சில்லுன்னுச்சு, நின்னுட்டான். அவனைப் பத்தி எனக்குத் தெரியாதா? ஊர்ல மழைத்தண்ணி தேங்கியிருந்தாலே சுத்திப் போறவன்.

ஆனா சேதி அரண்மனைக்குப் போச்சு. அரசரின் கல்லைக் காத்த அதிகாரிக்குப் பதவி உயர்வு. அஞ்சாந்தரம்! அதுலயும் ஒரு மரியாதை, கல்லைக் காத்த அன்னைக்குக் காலையில இருந்தே அஞ்சாந்தரம்னு கணக்கு.

கூ எழுத்தரு என்னை அடைச்சிருந்த செறை வாசல்ல நின்னு இதைச் சொன்னாரு. நான், "அப்ப எனக்கு விடுதலையா?"ன்னு கேட்டேன்.

அவரு தலையைக் குனிஞ்சுக்கிட்டாரு. "நீ அடித்தது மத்தியானம். அப்படியானால் நீ அடித்தது ஐந்தாந்தரத்து அதிகாரியை. எண்பது போதாது. நூறு."

பாத்தீரா? அவனுக்கு ஒரு தரம் ஏறுனா எனக்கு இருவது அடி ஏறுது!

பாவம், கூவும் ராவும் பகலும் சட்டத்தைப் பொரட்டியிருக்காரு. அடிபட்ட அதிகாரி தானா மனசு வச்சு மன்னிச்சா தண்டனை இல்லையாம். "நீ போய் அவர் காலில் விழு"ன்னாரு.

"மாட்டேன்"னுட்டேன்.

"முட்டாளே, நூறு அடி!"

"நூறுன்னா நூறு. அவன் கால்ல நான் விழவா? அவனுக்கு நகம் வெட்டிவிட்டவன் நான்."

ரெண்டு நாளு அப்படியே இருந்தேன். மூணாம் நாளு காலையில அடிக்கவன் வந்து பெரம்பைத் தண்ணியில ஊறப்போட்டான். நான் எந்திரிச்சு, "சரி, போலாம்"னேன்.

கொட்டில் முத்தத்துல பனி முழங்கால் அளவு. ஒரு பக்கம் நீதி பாக்க வந்த அதிகாரிங்க, ஒரு பக்கம் கூ, ஒரு பக்கம் ஷென். நடுவுல வெயிலுகந்தான், புதுசாத் தச்ச அஞ்சாந்தரத்து அங்கி போட்டுக்கிட்டு. தும்பிக்கையில நான் அடிச்ச எடம் வீங்கியிருந்துது. அதைப் பாத்தேன். பாக்காம இருந்திருக்கலாம்.

விழுந்தேன். நெத்தி பனியில பட்டுச்சு. என்னமோ ஒரு மன்னிப்பு வாக்கியம் சீனத்துல சொல்லிக்குடுத்திருந்தாங்க. அது வாயில வரல. நம்ம பாசையில, "லே, தப்புத்தாம்லே"ன்னேன். அம்புட்டுதான் வந்துது.

அவன் அசையல. அதிகாரிங்க காத்துக்கிட்டு நிக்காங்க. நான் கீழ கெடக்கேன், காதுக்குப் பின்னால அமுக்க என் விரலு அங்க இல்ல. அவன் என்ன பண்ணுவானோ அதை அவனாத்தான் பண்ணணும்.

தும்பிக்கை வந்து என் தலையைத் தடவுச்சு. அப்பறம் கழுத்து. அப்பறம் முதுகு. அப்பறம் எங்க போச்சுங்கீரு? இடுப்புக்கு! வேட்டி மடிப்புல ஒரு மாவு உருண்டை வச்சிருந்தேன். காலையில செறையில குடுத்தது. எனக்கு எறங்கல, அவனுக்கு ஆகுமேன்னு... சும்மா வச்சிருந்தேன். அதை எடுத்து, நிதானமா, அம்புட்டுப் பேரையும் காக்கவச்சுத் தின்னான். என் உசுரு ஊசலாடுது, இவன் மெல்லுதான்!

தின்னு முடிச்சுட்டு, தும்பிக்கையை என் இடுப்புல சுத்தித் தூக்கி, கழுத்து மேல உக்காரவச்சுட்டான்.

ஒருத்தருக்கும் ஒண்ணும் புரியல. ஒரு அதிகாரி மெல்லக் கேட்டாரு: "இதற்குச் சட்டப்படி என்ன பொருள்?"

கூ எழுத்தரு ஏட்டைத் தெறந்தாரு. சத்தமா வாசிச்சுக்கிட்டே எழுதுனாரு: "ஐந்தாந்தரத்து அதிகாரி குற்றவாளியைத் தன் தலைக்கு மேல் வைத்துக்கொண்டார். மன்னிப்பு வழங்கப்பட்டது."

எனக்குக் கண்ணுல தண்ணி வந்துது உண்மைதான். பனிக்காத்து.

ஆனா ஒண்ணு கேட்டுக்கிடும். அவன் மொதல்ல தேடுனது உருண்டையை. என்னைத் தூக்குனது அதுக்கப்பறம். இதை யாரு கேட்டாலும் ஒத்துக்கிட மாட்டேங்காங்க.

கல்லா? ஓடையைச் சுத்திக் கெட்டித்தரையில புது வழி போட்டு, வெயிலுகந்தான் முன்னால மோந்து மோந்து நடக்க, அவன் கால் வச்ச எடத்துல மட்டும் தண்ணி ஊத்தி, ஒரு வழியாக் கொண்டுபோய்ச் சேத்தாங்க. பத்து நாளு தாமசம். அஞ்சாந்தரத்து அதிகாரியோட யோசனைப்படி நடந்ததால ஷென் முதுகு தப்பிச்சுது. கல்லுல மேகமும் பாம்பு மாதிரி நீளமான பறக்குத மிருகமும் செதுக்கி, படிக்கட்டு நடுவுல பதிச்சாங்க. அது மேல ராசா நடப்பாருன்னு நெனைச்சேன். நடக்க மாட்டாராம். பல்லக்குல அதுக்கு மேல தூக்கிட்டுப் போவாங்களாம். அம்புட்டுப் பேரு இழுத்த கல்லு, அவரு காலு அதுல படவே படாது.

அடுத்த வருசம் கப்பல் ஒண்ணு தெக்கே கெளம்புச்சு. ஊருக்குப் போறியான்னு கேட்டாங்க. உடனே சரின்னுட்டேன். அவன்கிட்டச் சொல்லிக்கிட்டுக்கூட வரல. எதுக்குச் சொல்லணும்? அவன் அஞ்சாந்தரம், அவனுக்குப் புது ஆனைக்காரன் வந்தாச்சு. விடியமுன்ன வழக்கம்போல கும்பிட்டேன். கும்பிட்டுட்டு வந்துட்டேன்.

ஊர்ல நல்லாத்தான் இருந்தேன். போன மாசி மாசம் கப்பல்காரங்க வழியா கூ எழுத்தரு ஓலை வந்துது. அதைக் கொண்டுவந்த மாலுமிதான் வாசிச்சுச் சொன்னான். கட்டி முடிச்ச மூணு பெரிய மண்டபமும் இடி விழுந்து எரிஞ்சுபோச்சாம். கல்லு மட்டும் அப்படியே கெடக்காம். அதுக்குக் கீழ வெயிலுகந்தான் சேதி. புது ஆனைக்காரனைத் தூக்கி அகழிக்குள்ள போட்டுட்டானாம். அடுத்தவனையும் போட்டானாம். மூணாவது ஒருத்தனையும். பதவியை எறக்கிட்டாங்க. இப்ப அவன் ஏழாந்தரம்.

நான் சிரிச்சேன் பாரும், வயிறு வலிக்கச் சிரிச்சேன். ஏழாந்தரம்! நல்லா வேணும் அவனுக்கு! தெருவெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரிச்சேன். சாயங்காலம் துறைமுகத்துக்குப் போயி, சீனத்துக்கு அடுத்த கப்பல் எப்பன்னு கேட்டுட்டு வந்தேன்.

எதுக்கா? ஏழாந்தரத்துல நிக்கப்ப அவன் மூஞ்சி எப்படி இருக்குன்னு நேர்ல பாக்க வேண்டாமா? அதை விட்டா வேற என்ன சோலி எனக்கு?

ஐப்பசிக்குள்ள போய்ச் சேந்துருவமா, மரைக்காயரே? மாலுமிகிட்ட நீருதான் ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லுமே, நான் கேட்டா எரிஞ்சு விழுதான். குளிரு எறங்குததுக்கு முன்னால போயிரணும். அங்கியை எல்லாம் புடுங்கியிருப்பாங்க. பனி வந்துட்டா அவன்...

அவனுக்கென்ன. எனக்குத்தான் குளிரு ஆகாது.